தண்ணீரை எந்தத் தலைப்பில் எழுத?

காலை ஆறு மணிக்குக்
கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி பிடித்து
நாலு சொட்டு விடுவேன்.
வெளிர்மஞ்சள் வந்தால் கேட்டைத் திறக்கலாம்.
இருபத்தேழு வருஷமாக அதே மஞ்சள்.
மாறினதெல்லாம் சட்டை.

முதல் சட்டை ஊதா.
பையின் மேல் ‘முத்துத்துளி’ என்று நூலில் தைத்திருக்கும்.
தணிகாசலம் முதலாளி
போர் போடுகிற லாரி மூன்று வைத்திருந்தவர்,
கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில்
நூற்றெண்பது அடியில் நல்ல தண்ணீர் கண்டார்.
லாரியில் ஏற்றி விற்காமல்
மாடிக்கு ஏற்றி வழுக்கவிட்டார்.
ஒரு சறுக்கு, ஒரு குளம்,
மூன்று மணிக்குச் சங்கு ஊதினால் அலை.
நானூறு மீட்டர் தள்ளிக் கடல்
சும்மா அடித்துக்கொண்டிருந்தது.
சனம் டிக்கெட் வாங்கி வந்து
எங்கள் டீசல் அலைக்குக் கத்தியது.

பிறகு கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று,
திருப்பதி போகிற வழியில் ஒன்று.
ஐதராபாத் ஓட்டல்காரர்கள் பாதி வாங்கினார்கள்.
சட்டை பச்சை.
மீதிப் பாதியைக் கடன் தின்றது.
மும்பையிலிருந்து ஒரு ஃபண்ட் வந்தது,
அதற்கு முகம் இல்லை, மெயில் உண்டு.
சட்டை ஆரஞ்சு.
பெயரில் ஒரு ‘வா’வும் ஒரு ‘ரா’வும் சேர்ந்தன,
எந்த ஊர்ப் பாஷை என்று யாருக்கும் தெரியவில்லை.
என் நம்பர் பதினாலு,
அப்புறம் 0014,
இப்போது இரண்டாயிரத்து இருநூற்றேழு.
பம்ப் ரூம் ஸ்டூல் மட்டும் போட்ட இடத்தில் கிடக்கிறது.

ஏரிகள் வெடித்த வருஷம்
செம்மஞ்சேரியில் என் ரெஜினா
எட்டுக் குடத்தோடு ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றாள்.
அதே லாரி, அதே டிரைவர் மாசிலா,
விடிவதற்குள் எங்கள் பின்கேட்டில்
பன்னிரண்டாயிரம் லிட்டர் இறக்கினான்.
நான் வால்வைத் திறந்தேன்.
வீட்டுக்கு இரண்டு கேன் எடுத்துப் போனேன்.
அவள் முகர்ந்து பார்த்தாள்,
“உன் வாசனை அடிக்குது” என்றாள்.
பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டாள்.

போன மே மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை,
கவுன்ட்டரில் சத்தம்.
தணிகாசலம், வேட்டியோடு.
‘பருத்தி உடைக்கு அனுமதி இல்லை.’
புதுப் பையனுக்கு ஆளைத் தெரியாது.
போர்டைக் காட்டினான்.
அந்த வரியை எழுதச் சொன்னவரே அவர்தான்,
நூல் நூலாக வந்து ஃபில்டர் அடைக்குது என்று
நான்தான் புகார் சொன்னேன்.
தகராறு பண்ணாமல் எழுபது ரூபாய் கட்டி,
நூறு டெபாசிட் வைத்து,
வாடகை நைலான் டிரவுசரில் நடந்து வந்தார்.
கால் இரண்டும் வெளிறிக் குச்சியாக இருந்தன.
சங்கு ஊதியது.
அலையில் மல்லாந்தார்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் மேல் மோதிப் போனார்கள்.
வெளியே வந்ததும்
“அஞ்சாம் நம்பர் மோட்டார் முனகுது, பாரு” என்றார்.
முனகியது, உண்மைதான்.
டெபாசிட்டை வாங்க மறந்து போய்விட்டார்.

நேற்று வேறு யாரோ வாங்கப்போகிறார்களாம்,
கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள்.
சறுக்கு பதினேழு, ரப்பர் டியூப் அறுநூற்று நாற்பது,
பிளாஸ்டிக் தென்னை ஒன்பது, ஒன்றுக்குத் தலை இல்லை.
எல்லாவற்றையும் எழுதிவிட்டுக்
குளத்தருகே நின்றாள்.
“இது எவ்வளவு இருக்கும்?”
இருபத்திரண்டு லட்சம் லிட்டர் மேடம்.
“வாங்கினதா, உங்க போரா?”
கொஞ்சம் போர். கொஞ்சம் லாரி. மழையும் உண்டு.
பிள்ளைகள் விட்டதும் உண்டு, அதைச் சொல்லவில்லை.
“தேய்மானம்?”
தினம் அரை விரல்கடை.
வெயில் எடுத்துக்கொண்டு போகும்.
“அதுக்கு ரசீது?”
மேலே பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
பிறகு ‘இதர வகை’ என்று எழுதி
பேனாவை மூடினாள்.

இன்று புதுச் சட்டை வந்தது, ஒரு சைஸ் பெரிசு.
கறுப்பு.
குளோரின் வாளி தூக்குகிற கைக்குத்
தீபாவளிக்குள் வெளுத்துவிடும்.
ஐந்தாம் நம்பரைக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.
பேரிங் போயிருக்கிறது.
யாரிடம் கேட்டு வாங்குவது என்று
திங்கட்கிழமைதான் தெரியும்.